சாமுவேல் பால்மரின் சிற்றூர் ஓவியம்

நிலத்தைத் தீட்டும் கலைஞன் எதனை விடுத்தான் என்பதும் ஆராயத்தக்கதே. ஆங்கில ஓவியர் சாமுவேல் பால்மர் (1805-1881), விக்டோரியா அரசி அரியணை ஏறுமுன், கென்ட் மாவட்டத்து ஷோரம் சிற்றூரில் வாழ்ந்தபொழுது தீட்டிய 'மாலைத் தொழுகை முடிந்து திரும்புதல்' (1830) இவ்வகையில் நோக்கத்தக்கது.

ஓவியம் சிறியது, உயரம் ஏறத்தாழ ஓரடியே. குன்றுகளின்மேல் முழுநிலவு மிகப் பெரிதாய் எழுகின்றது. இருபுற மரங்களும் வளைந்து தேவாலயக் கூர்வளைவுபோற் கூட, அதன்கீழ் நீண்ட அங்கியணிந்த ஊரார் வரிசையாய் வருகின்றனர். கூரைகளும் குன்றுகளும் ஒரே சாயலின. நம் இலக்கணத்தார் கூறும் முதற்பொருளும் கருப்பொருளும் தொழுகை என்னும் உரிப்பொருள் ஒன்றிற்கே அடங்கிவிடுகின்றன.

உழைப்பு மட்டும் இல்லை. அதே 1830இல் கிழக்குக் கென்ட்டில் உழவுக் கூலியாட்கள் கதிரடிக்கும் பொறிகளை உடைத்தனர், வைக்கோற்போர்கள் எரிந்தன, கிளர்ச்சி தென்னிங்கிலாந்தெங்கும் பரவியது. அடக்குமுறையில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். பால்மர் இவற்றை அறியாதவர் அல்லர். 1832இல் மேற்குக் கென்ட் வாக்காளர்க்குத் துண்டுநூல் எழுதிப் பழைய ஒழுங்கின் பக்கமே நின்றார். ஆகவே இவ்வமைதி அவர் கண்டதினும் வேண்டியது எனலே பொருந்தும். அதுகொண்டு பொய்யென ஒதுக்குவதும் முறையன்று. தொழுதுவிட்டு ஊரோடு ஒருங்கே இல்லம் திரும்பியவர்க்கு அந்நிலவொளி விளங்கும்.

தந்தையாரின் குறிப்பேடுகள் பலவற்றை 1909இல் மகனே எரித்துவிட்டார். இவ்வோவியம் எஞ்சி, இலண்டன் டேட் கலைக்கூடத்தில் உள்ளது.