இல்லமும் உள்ளமும்

கட்புலனாகாத உள்ளத்தைக் கட்புலனாகும் பொருளொன்றாற் காட்டுதல் புலவர்க்கு இயல்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தே ஆங்கில ஆசிரியர் இதற்குத் துணைக்கொண்ட பொருள்களுள் ஒன்று வீடு. அதனைத் தத்துவ நூலார் ஆண்ட முறையும் நாடகாசிரியர் ஆண்ட முறையும் வேறுபடுமாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஜான் லாக் என்னும் பேரறிஞர், 1690 ஆம் ஆண்டு குறித்து வெளிவந்த மனித அறிவைப் பற்றிய தம் நூலில், அறிவை ஓர் இருட்டறைக்கு ஒப்பிட்டார். ஐம்புலனும் அகவுணர்வுமே அவ்வறையின் சாளரங்கள். ஆதலின், ‘ஒளி எவ்வாறு உள்ளே புகுகின்றது?’ என்பதே அவர் எழுப்பிய வினா.

இனி, நாடகத்தை நோக்குவோம். நிக்கலஸ் ரோ இயற்றி 1703 இல் அரங்கேறிய ‘ஃபேர் பெனிட்டெண்ட்’ என்னும் அவல நாடகத்தின் ஐந்தாம் அங்கம், கருந்துணி தொங்கும் ஓர் அறையில் தொடங்குகின்றது. ஒருபுறம் லொத்தாரியோவின் பிணம். மற்றொருபுறம் மேசைமீது மண்டையோடும் எலும்புகளும், ஒரு நூலும், ஒரு விளக்கும். அவனால் நெறி பிறழ்ந்த காலிஸ்டா ஆங்கே விரிந்த கூந்தலளாய் இருக்கின்றாள். காண்போர் காண்பது அறையை மட்டுமன்று, அவள் நெஞ்சையுமாம். விளக்கும் நூலும் அருகிருந்தும் இருள் அகலவில்லை. ஏனெனின், அஃது அறியாமையால் வந்த இருளன்று. செய்த வினையால் வந்த இருள்.

1714 இல் அரங்கேறிய ‘ஜேன் ஷோர்’ நாடகத்திலோ உருவகமாவது கதவு. ஜேனுக்கு எவரும் உணவளித்தல் கூடாதென்பது கிளாஸ்டர் கோமகனின் ஆணை. பசியால் தளர்ந்த அவள், முன்பு தன் அணிகலப் பேழையையே நம்பி ஒப்படைத்த தோழி அலீஷியாவின் வாயிலை அடைகின்றாள். அவ்வாயிலில் அவளுக்குப் புகலிடம் கிட்டவில்லை. பொறாமையாலும் பழியுணர்வாலும் சித்தங் கலங்கிய அலீஷியாவின் உள்ளம், அக்கதவினும் இறுக அடைபட்டுக் கிடந்தது. தடையை மீறி உதவ வருபவன், அவளால் முன்பு கைவிடப்பட்ட கணவனே.

லாக்கின் நூலைக் கண்டே ரோ இவற்றை அமைத்தார் என்பது எம் கருத்தன்று. இருவர் வினாவும் வெவ்வேறு என்பதே யாம் சுட்டுவது. சாளரத்தின் வழி ஒளி தானே புகும். கதவையோ உள்ளிருப்பவரே திறத்தல் வேண்டும். அறிவு வரும் வழியைத் தத்துவ நூலார் ஆராய்ந்தார். அறிவிருந்தும் இரக்கம் எழாமையை நாடகாசிரியர் காட்டினார்.

ஆதலின், இலக்கியம் பயிலும் மாணவர், ‘ஈண்டு உருவகம் உளது’ என்று ஓரத்திற் குறித்தலோடு அமையாது, அவ்வுருவகம் எவ்வினாவிற்கு விடையாய் நிற்கின்றது என்றும் உசாவுவாராக.