மனச்சிதைவு நோய்: ஆண், பெண் நோயுணர்வில் வேறுபாடு உண்டா?

மனச்சிதைவு நோயாளர் பலர் தமக்கு நோய் இருப்பதை உணர்வதில்லை. குடும்பத்தினர் இதைப் பிடிவாதம் என்று கருதுகின்றனர். உண்மையில் இதுவும் நோயின் ஒரு கூறே. நோயுணர்வில் மூன்று அடங்கும்: நோய் உண்டென அறிதல், காதில் ஒலிக்கும் குரல் நோயின் அறிகுறி எனப் புரிதல், சிகிச்சை தேவையென ஏற்றல்.

இவ்வுணர்வு பெண்களுக்கு மிகுதியா? ஆய்வு முடிவுகள் ஒருமித்து அமையவில்லை. ஆகவே பாலினத்தைக் கொண்டு எவருடைய நோயுணர்வையும் கணிக்க இயலாது.

எனினும், நோய் தொடங்கும் வயதில் வேறுபாடு உண்டு. ஆண்களுக்குப் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதிலும், பெண்களுக்குச் சில ஆண்டுகள் பிந்தியும் தொடங்குகிறது. அதற்குள் மணமாகிவிட்ட பெண், மணவாழ்வு முறியுமோ என்னும் அச்சத்தால் அறிந்தும் மறைக்கக்கூடும். சொன்னபடி மாத்திரை விழுங்கும் மகள் நோயை உணர்ந்துவிட்டாள் என்றோ, மறுக்கும் மகன் திமிர் பிடித்தவன் என்றோ முடிவு செய்யலாகாது.

நோயை ஒப்புக்கொள்ளுமாறு வாதிட வேண்டா. உறக்கமின்மை, அச்சம் என அவரே ஒப்பும் துன்பத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ள இயலாதோருக்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை இடும் ஊசி பொருந்துமா என எங்களிடம் கேளுங்கள்.

நோயுணர்வு திரும்பும் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. இழந்த படிப்பையும் வேலையையும் எண்ணித் துயரமும், சிலருக்குத் தற்கொலை எண்ணமும் அப்போது எழக்கூடும். அத்தகைய சொல் ஒன்று வெளிப்பட்டாலும், அவரைத் தனியே விடாமல் உடனே அழைத்து வாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது.