பாடம் 6: வாசலருகே ஒரு சாரன் பொதி

2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் வந்தபோது பெட்டி கட்ட எவருக்கும் நேரமிருக்கவில்லை. உடுத்த உடுப்புடன்தான் ஓடினோம். பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கழித்த முதல் இரவுகளில் பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது ஒரு சாரன். பிள்ளைக்குப் போர்வையும், பெண்கள் உடுப்பு மாற்றத் திரையும், தொழுகைக்கு விரிப்பும் அதுவாகவே இருந்தது.

இப்போது நீங்கள் சொந்த வளவுக்குத் திரும்புகிறீர்கள். கடல் அருகிலேயே இருக்கிறது. மாரி காலத்தில் வெள்ளமும் வரும். ஆகவே அடுத்த முறை அவசரமாகப் புறப்பட நேர்ந்தால் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை இன்றே ஆயத்தப்படுத்துவோம்.

ஏன் சாரன்?

பருத்திச் சாரன் பாரமில்லாதது, விரைவில் காயும், மடித்தால் சிறிதாகும். அதை வாங்கத் தூரம் போகவும் வேண்டாம். மருதமுனைக் கைத்தறிச் சாரனுக்கு நாடெங்கும் பெயருண்டு. சுனாமியில் அங்கே பல தறிகளும் நூலும் அழிந்தன. அங்கு நெய்ததை வாங்கினால், மீண்டும் தறியில் அமரும் ஒரு குடும்பத்துக்கும் உதவியாகும்.

எதற்கெல்லாம் உதவும்?

• கயிற்றில் தொங்கவிட்டால் மறைப்பு. கிணற்றடியில் குளிக்கும் உடுப்பு.
• பிள்ளைக்கு ஏணை, வெயிலில் நிழல்.
• கை முறிந்தால், கழுத்தில் கட்டித் தாங்கும் துணி.
• ஒருவர் வெள்ளத்தில் சிக்கினால், நீங்கள் தண்ணீருக்குள் இறங்காமல் கரையில் படுத்துக்கொண்டு ஒரு முனையை அவரிடம் நீட்டலாம்.
• கலங்கிய நீரை வடிக்கலாம். பங்களாதேஷின் மத்லப் பகுதியில், பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடித்த கிராமங்களில் கொலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. வடிப்பதற்கெனச் சுத்தமான பழைய துணி ஒன்றைத் தனியே வையுங்கள்.

கவனம்: வடித்த நீரையும் நன்கு கொதிக்க வைத்தே குடியுங்கள். கடல்நீர் புகுந்த கிணற்றின் உப்பு வடித்தாலும் போகாது, கொதித்தாலும் போகாது. அந்த நீரைக் குடிக்க வேண்டாம்.

பொதி கட்டும் முறை

அடையாள அட்டையும் காணி உறுதியும் அள்ளுண்டு போனவர்கள், தாம் யார், தமது வளவு எது என்று நிரூபிக்க எவ்வளவு அலைந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பொதியின் முதல் வேலை அந்தக் கடதாசிகளைக் காப்பதே.

1. அடையாள அட்டை, பிறப்பு, விவாகப் பதிவுகள், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், கிளினிக் அட்டை ஆகியவற்றை ஒன்றாக அடுக்குங்கள்.
2. இரண்டு பொலித்தீன் பைகளில் ஒன்றினுள் ஒன்றாக இட்டு, வாயை இறுகக் கட்டுங்கள். சாரன் தண்ணீரைத் தடுக்காது, பொலித்தீனே தடுக்கும்.
3. மூட்டாத சாரன் ஏறத்தாழ 2 மீற்றர் நீளமிருக்கும். மூட்டியதாயின் தையலைப் பிரித்துவிடுங்கள். அதை விரித்து, பையை நடுவில் வைத்து நீளவாக்கில் சுருட்டுங்கள். அன்றாடம் குடிக்கும் மருந்தையும் சிறிய டோர்ச் லைட்டையும் அதனுள் வைக்கலாம்.
4. ஒரு தோளுக்கு மேலாகவும் மறு கைக்குக் கீழாகவும் எடுத்து, நெஞ்சில் முடியுங்கள். இரு கைகளும் பிள்ளைகளுக்காகவும் முதியவர்களுக்காகவும் வெறுமையாக இருக்கட்டும்.

கடதாசிகளின் போட்டோப் பிரதி ஒன்றைச் சம்மாந்துறை போன்ற கடலுக்குத் தூரமான ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வைப்பதும் நல்லது.

வீட்டில் செய்து பாருங்கள்

இன்றிரவு எல்லோரும் சேர்ந்து பொதியைக் கட்டி, வாசலருகே ஆணியில் மாட்டுங்கள். உம்மாவோ வாப்பாவோ வீட்டில் இல்லாதபோது அதை எடுப்பது யார் என்றும், எந்த வழியால் எங்கே போவது என்றும் பேசி முடிவு செய்யுங்கள். மூத்த பிள்ளை ஒருமுறை கட்டிக் காட்டட்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நிலம் பலமாக அதிர்ந்தாலோ கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ உடனே கடலை விட்டு விலகி உயரமான இடத்துக்குப் போங்கள். பொதி கைக்கு எட்டினால் எடுங்கள். எட்டாவிட்டால் அதற்காகத் திரும்பிப் போகாதீர்கள். கடதாசியை மறுபடி எடுக்கலாம், உயிரை எடுக்க முடியாது.