வலிப்பு: வகைகளும் முதலுதவியும் வாழ்க்கை முறையும்

க.பொ.த. (சா/த) – சுகாதாரமும் உடற்கல்வியும்

1. வலிப்பு என்றால் என்ன?

மூளையின் நரம்புக் கலங்கள் நுண்ணிய மின் கணத்தாக்கங்கள் மூலம் தொடர்பு கொள்கின்றன. பெருந்தொகையான கலங்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றித் தூண்டப்படும்போது உடலசைவில், உணர்வில் அல்லது நடத்தையில் ஏற்படும் தற்காலிக மாற்றமே வலிப்பு ஆகும்.

ஒரு தடவை வலிப்பு ஏற்பட்ட எல்லோரும் வலிப்பு நோயாளர் அல்லர். உதாரணமாக, 6 மாதம் முதல் 5 வயது வரையான பிள்ளைகள் சிலருக்குக் காய்ச்சலின்போது வலிப்பு ஏற்படலாம். உடனடிக் காரணம் எதுவுமின்றி வலிப்பு மீண்டும் மீண்டும் வரும் நிலையே வலிப்பு நோய் எனப்படும். இது தொற்றுநோய் அன்று; பேயோ சாபமோ இதற்குக் காரணம் அன்று.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. உரிய சிகிச்சை பெற்றால் இவர்களுள் 70% வரையானோர் வலிப்பின்றி வாழலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடாகும்.

2. பிரதான வகைகள்

(அ) பெருவலிப்பு: நினைவிழந்து விழுதல், உடல் விறைத்தல், பின் கை கால்கள் உதறுதல். நாக்குக் கடிபடலாம், சிறுநீர் வெளியேறலாம். பெரும்பாலும் 1 – 3 நிமிடங்களில் நின்றுவிடும்.

(ஆ) சிறுவலிப்பு: பிள்ளை விழுவதில்லை. சில வினாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, விட்ட வேலையைத் தொடரும். நாளொன்றில் பல தடவைகள் நிகழலாம். “பாடத்தைக் கவனிப்பதில்லை” என இப்பிள்ளைகள் தண்டிக்கப்படுவதுண்டு.

(இ) தசைத்துடிப்பு வலிப்பு: கைகள் திடீரெனத் துள்ளும். கட்டிளமைப் பருவத்தில், குறிப்பாகக் காலை எழுந்தவுடன், கையிலுள்ள தேநீர்க் கோப்பை தெறித்து விழலாம்.

(ஈ) பகுதி வலிப்பு: மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும். ஒரு கை மட்டும் துடித்தல், இல்லாத மணத்தை உணர்தல், வாயை மெல்லுதல், உடையைப் பிடித்து இழுத்தல், நினைவின்றி நடத்தல் என்பன ஏற்படலாம். இதனைக் குடிபோதை எனச் சிலர் தவறாக எண்ணுவர்.

3. பெருவலிப்பின்போது முதலுதவி

செய்ய வேண்டியவை:
• நேரத்தைக் குறித்துக்கொள்ளல்.
• அருகிலுள்ள கூரிய, கடினமான பொருட்களை அகற்றல்.
• தலையின் கீழ் மென்மையான துணி வைத்தல். கழுத்துப் பட்டியைத் தளர்த்தல்.
• உதறல் நின்றதும் பக்கவாட்டில் கிடத்தல்.
• முழு நினைவு திரும்பும்வரை அருகிலிருத்தல்.

செய்யக் கூடாதவை:
• வாயினுள் கரண்டியோ விரலோ வைத்தல். பல் உடையலாம், மூச்சு அடைபடலாம்.
• கை கால்களை அழுத்திப் பிடித்தல்.
• நினைவு திரும்புமுன் நீர் பருக்குதல்.
• கையில் இரும்போ திறப்போ கொடுத்துக் காலத்தை வீணாக்குதல். வலிப்பு தானாகவே நிற்கிறது. இரும்பு அதனை நிறுத்துவதில்லை.

வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், நினைவு திரும்புமுன் மீண்டும் ஏற்பட்டால், முதற்தடவை என்றால், நீரில் நிகழ்ந்தால் அல்லது காயமேற்பட்டால் 1990 இலக்கத்தை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

4. நோயுடன் வாழ்தல்

• மாத்திரைகளை நாள்தோறும் உரிய நேரத்தில் எடுத்தல். சுகமாகிவிட்டது எனத் தாமாக நிறுத்தினால் கடுமையான, நீடித்த வலிப்பு ஏற்படலாம்.
• போதிய நித்திரை. பரீட்சைக் காலத்தில் இரவிரவாகக் கண்விழித்தலும் மாத்திரையைத் தவறவிடலும் வலிப்பைத் தூண்டும்.
• கிணற்றடியிலும் கடலிலும் தனியே குளிக்காதிருத்தல். திறந்த அடுப்பருகே அவதானம்.
• வாகனம் ஓட்டுவது பற்றி வைத்தியரின் ஆலோசனையைப் பெறல்.
• வகுப்பாசிரியருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் தெரிவித்து வைத்தல். மறைக்கப்படும் நோய்க்கு முதலுதவி கிடைப்பது கடினம்.

கல்வி, விளையாட்டு, தொழில், திருமணம் ஆகியவற்றிலிருந்து இவர்களை ஒதுக்குவதற்கு இந்நோய் காரணமாகாது.

5. மாதிரி வினா

தரம் 10 மாணவி ஒருத்தி கணித பாடத்தின்போது அடிக்கடி 10 வினாடிகள் வரை வெறித்துப் பார்க்கிறாள். அழைத்தால் பதிலில்லை. பின் எதுவும் நிகழாததுபோல் எழுதுகிறாள்.

(i) இது எவ்வகை வலிப்பாக இருக்கலாம்?
(ii) நண்பராக நீர் செய்யக்கூடியவை இரண்டு தருக.

விடை: (i) சிறுவலிப்பு. (ii) அவள் தவறவிட்ட பகுதியைக் கேலி செய்யாது எடுத்துக் கூறல். கண்டவற்றை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவித்து வைத்தியரிடம் செல்ல உதவுதல்.