எண்ணெயை விலக்கும் நீர்த்திரை

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பது சிறு பிள்ளையும் அறிந்த செய்தி. ஆயினும், எண்ணெய் படிந்த நீரைத் தூய்மை செய்வது வேதியியலாருக்கு இன்றளவும் எளிய பணியாக அமையவில்லை. காரணம் யாது?

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிபொருள் எண்ணெய் கரையில் கருஞ்சேறாய் ஒதுங்கியது. மீனவரும் மாணவரும் அதனை வாளிகளால் அள்ளிய காட்சியைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். வாளிக்கு அகப்படுவது கண்ணுக்குத் தெரியும் எண்ணெய். அலைகளும் பம்புகளும் சிதறடித்த நுண்துளிகளோ அகப்படுவதில்லை. ஒரு துளியின் விட்டம் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால், அது மிதந்து மேலெழும் வேகம் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சவர்க்காரம் போன்ற பொருள்களும் சேர்ந்துவிட்டால் துளிகள் ஒன்றுகூடா; நீர் பால்போல் கலங்கியே நிற்கும். எண்ணெய்க் கிணறுகளில் எண்ணெயோடு மேலெழும் நீரும், பட்டறைக் கழிவுநீரும் பெரும்பாலும் இத்தகையனவே.

இங்கேதான் வடிகட்டும் சவ்வு துணைக்கு வருகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். எண்ணெய்த் துளி ஆயிரம் நானோமீட்டர் அளவினது என்றால், சவ்வின் துளை நூறு நானோமீட்டருக்கும் குறைவானது. கணக்கு சரிதான், இடர் வேறிடத்தில் உள்ளது. சவ்வு செய்யப் பயன்படும் பல நெகிழிகள் எண்ணெயை விரும்பும் இயல்பின. தடுக்கப்பட்ட எண்ணெய் சவ்வின்மீதே பரவித் துளைகளை அடைக்கிறது. நீர்வரத்து குன்றுகிறது, அழுத்தத்தைக் கூட்ட மின்செலவு ஏறுகிறது, இறுதியில் சவ்வையே எறிய நேர்கிறது.

இயற்கைப் பொருள் எனின் நாம் உடனே தாமரை இலையைப் போற்றத் தொடங்கிவிடுவோம். ஆனால், அது நீரை விலக்கி எண்ணெயை ஏற்பது. அவ்வியல்புடைய வலையில் எண்ணெய் கீழிறங்க வேண்டும். கனமான நீரோ அடியில் தங்கி வழிமறிக்கும். ஆதலின், ஈண்டு மீனே நமக்கு ஆசான். மீன் செதிலின் நுண்ணிய மேடுபள்ளங்களில் நீர் தங்கிவிடுவதால், நீருக்குள் எண்ணெய் அதில் ஒட்டுவதில்லை. 2009இல் சீன அறிஞர் லெய் ஜியாங் குழுவினர் இதனை ஆராய்ந்து விளக்கினர். டைட்டேனியம் டை ஆக்சைடு, சிலிகா, கிராபீன் ஆக்சைடு ஆகியவற்றின் நானோ பூச்சு சவ்வுக்கு அத்தகைய மேனியை அளிக்கிறது. பூச்சு பற்றிக்கொள்ளும் மெல்லிய நீர்ப்படலமே எண்ணெயைத் தள்ளி நிறுத்துகிறது. டைட்டேனியம் டை ஆக்சைடுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு: புற ஊதாக் கதிர் பட்டால், ஒட்டிய எண்ணெயை அது சிதைத்துவிடும். அடியிலுள்ள நெகிழியையும் அரிக்கக்கூடும் என்பதையும் மறைத்தலாகாது.

பூச்சு உரிந்து நானோ துகள்கள் நீரில் கலப்பதே என் பெருங்கவலை. எண்ணெயை நீக்கப் புகுந்து வேறொரு மாசைச் சேர்ப்பது அறிவுடைமை ஆகாது. பாறையில் ஒட்டி வாழும் சிப்பியின் பசையைப் பின்பற்றிய பாலிடோபமைன் என்னும் பொருளால் துகள்களைப் பிணைக்கும் முயற்சி நடைபெறுகிறது. ஆய்வகத்தில் தெளிந்த எண்ணெயைக் கொண்டு சில மணிநேரம் சோதித்த சவ்வு, பிசுபிசுத்த கச்சா எண்ணெயை மாதக்கணக்கில் தாங்குமா என்று மாணவர்கள் கேட்டுப் பழக வேண்டும். நீரில் கரைந்துவிட்ட பென்சீனை இச்சவ்வு தடுப்பதில்லை. அதற்கு, வடிந்த நீரைக் கிளர்வூட்டிய கரியின் வழியே மீண்டும் செலுத்த வேண்டியிருக்கிறது.