ஷாகுல் ஹமீது என்னும் திருப்பெயர்



சென்ற மாதம் ஒருநாள் அஸருக்குப் பின் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நமது சங்கத்துப் பிள்ளை ஒருவர் வந்து நின்றார். அவருக்கு ஆண் குழந்தை பிறந்து நான்கு நாளாகியிருந்தது. ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் வைக்கவேண்டும்.

"நானா, என் வாப்பா தம்முடைய வாப்பாவின் பெயரை வைக்கச் சொல்கிறார்கள். ஷாகுல் ஹமீது. எனக்கு மனம் ஒப்பவில்லை. அது பழைய பெயர். போதாதற்கு அதன் அர்த்தமே தவறு, வைக்கக் கூடாது என்று ஒருவர் சொல்லிவிட்டார். நீங்கள் ஓதியவர்களாயிற்றே, சொல்லுங்கள்" என்றார்.

என்னுடைய வாப்பாவின் பெயரும் அதுவே. ஆகையால் கேள்வி சுருக்கென்று தைத்தது. நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் சில கிதாபுகள் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு நிறுத்திக் கல்லாவில் உட்கார்ந்தவன். எனினும் அன்று அவருக்குச் சொன்னதையும், பின்னர் பெரியோர்களிடம் விசாரித்து அறிந்ததையும் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். நம்மில் பலருக்கு உபயோகப்படலாம்.

பெயரின் பொருள்

ஷாஹ் என்பது பாரசீகச் சொல். அரசர் என்று பொருள். ஹமீது என்பது அரபுச் சொல். புகழப்பட்டவர், புகழுக்குரியவர் என்று பொருள். இடையில் நிற்கும் 'உல்' அரபு இலக்கணத்தின்படி இரண்டையும் பிணைக்கும் கண்ணி. பாரசீகத் தலைக்கு அரபு முண்டாசு கட்டியதுபோல் அமைந்தது இப்பெயர்.

ஹமீது என்ற சொல்லின் வேர் ஹா, மீம், தால் என்னும் மூன்று எழுத்துக்கள். முஹம்மது, அஹ்மது, மஹ்மூது, ஹாமிது, ஹமீது ஆகிய அனைத்தும் இந்த ஒரே வேரில் கிளைத்தவை. நாம் தொழுகையில் ஓதும் 'அல்ஹம்து' என்பதும் அதுவே.

'ஹமீது என்பது அல்லாஹ்வின் திருநாமம். அப்படியானால் ஷாகுல் ஹமீது என்றால் அல்லாஹ்வுக்கு மேல் ஓர் அரசர் என்றாகிவிடாதா?' என்பதே அந்தப் பிள்ளையைக் குழப்பிய கேள்வி. இதற்கு விடை இரண்டு.

முதலாவது, அல்லாஹ்வின் திருநாமங்களில் அவனுக்கு மட்டுமே உரியவை உண்டு; ரஹ்மான் அத்தகையது. மனிதருக்கும் ஓர் அளவில் பொருந்தும் பண்புப் பெயர்களும் உண்டு. சூரா தவ்பாவின் கடைசியில் நமது நபி பெருமானாரையே (ஸல்) ரஊஃப் என்றும் ரஹீம் என்றும் குர்ஆன் குறிப்பிடுகிறது. ஹமீது என்பதும் அவ்வாறு மனிதருக்கும் வழங்கும் பெயர்.

இரண்டாவது, ஷாஹ் என்பது சூஃபிப் பெரியார்களுக்கும் ஸையிதுமார்களுக்கும் வழங்கிய மரியாதைச் சொல். டில்லியில் வாழ்ந்த மாபெரும் ஹதீஸ் அறிஞர் ஷாஹ் வலியுல்லாஹ் (1703–1762) அவர்களை ஒருவரும் அரசர் என்று எண்ணியதில்லை. ஹதீஸில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது மன்னாதி மன்னன் என்னும் பட்டம். அதற்கும் இதற்கும் வெகுதூரம். இதற்கு மேலும் ஐயமுள்ளவர்கள் தங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நலம்.

பெயருக்கு உரியவர்

இப்பெயரை நமக்குத் தந்தவர்கள் நாகூரில் அடங்கியுள்ள மகான். ஹிஜ்ரி 910-இல், அதாவது கி.பி. 1504-இல், இன்றைய உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த மாணிக்கப்பூரில் பிறந்தார்கள் என்று அன்னாரின் சரித்திரம் கூறுகிறது. பெற்றோர் இட்ட பெயர் அப்துல் காதர். குவாலியரில் முஹம்மது கௌது அவர்களிடம் ஞானக் கல்வி பெற்று, பல நாடுகளுக்கும் பிரயாணம் செய்து, நாகூரில் தங்கி ஹிஜ்ரி 978-இல் மறைந்தார்கள். நாகூரைச் சேர்ந்த குலாம் காதிறு நாவலர் (1833–1908) 'கன்ஜுல் கராமத்து' என்ற உரைநடை நூலில் இவர்கள் சரித்திரத்தை விரிவாக எழுதியிருக்கிறார். தர்காவின் ஐந்து மினாராக்களில் பெரியதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங்.

காதர், காதர் மீரா, மீரான், மீரா சாஹிபு, நாகூர் மீரான், நாகூர் கனி என்று நம்மிடையே வழங்கும் பெயர்களில் பல இவர்களை நினைத்து வைக்கப்பட்டவை. ஷாகுல் ஹமீது என்பது அவற்றுள் தலையாயது.

உலகில் அரிது, நம்மிடம் ஏராளம்

முன்பொரு சமயம் நான் உம்ரா சென்றிருந்தபோது, தங்கிய விடுதியில் என் கடவுச்சீட்டில் வாப்பாவின் பெயரைப் படித்த அரபுக்காரர் புருவத்தை உயர்த்தினார். "ஷாஹா? நீர் ஈரானியரா?" என்று கேட்டார். அவர் அப்படியொரு பெயரைக் கேட்டதே இல்லையாம். அரபு நாட்டில் ஹமீது உண்டு, அப்துல் ஹமீது உண்டு. ஷாகுல் ஹமீது காண்பது அரிது. அதே பெயரை நாகூர், காரைக்கால், இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமையிலும், மலையாளக் கரையிலும், இலங்கையிலும், மலேசியா, சிங்கப்பூரிலும் தெருவுக்குத் தெரு கேட்கலாம். இலங்கையில் 1977 முதல் 1989 வரை வெளிநாட்டமைச்சராயிருந்த ஏ.சி.எஸ். ஹமீது அவர்களின் முழுப்பெயர் அப்துல் காதர் ஷாகுல் ஹமீது. மகானின் இயற்பெயரும் சிறப்புப் பெயரும் அப்படியே அமைந்திருக்கின்றன.

இது பரவிய வழி வியாபார வழி. நம் முன்னோர் கடலேறுமுன் நாகூரில் துஆச் செய்து புறப்பட்டார்கள். கரை சேர்ந்த இடத்தில் அந்த நினைவைக் கட்டடமாக எழுப்பினார்கள். பினாங்கு சூலியா தெருவில் நாகூர் தர்கா 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. நமக்குப் பாலம் கடந்தால் வரும் சிங்கப்பூரில், தெலுக் ஆயர் தெருவில் உள்ளது 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டப்பட்டது; 1974-இல் அது தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்டது. கட்டடம் கட்ட வசதியில்லாதவர் பிள்ளைக்குப் பெயர் வைத்தார். ரஜூலா கப்பலில் வந்திறங்கிய என் பாட்டனாரும் அப்படித்தான் செய்தார்கள்.

பெயரை வெட்டலாகாது

ஜொகூரில் எல்லாரும் 'ஷாகுல் பாய்' என்றே அழைக்கிறோம். நானும் அழைத்திருக்கிறேன். இது சரியல்ல. 'கடையின்' என்று சொல்லி வாயை மூடிக்கொண்டால் கேட்பவன் 'கடையின் எது?' என்பான். ஷாகுல் என்பதும் அவ்வாறு பாதியில் நிற்கிற சொல். அப்துல் என்பதும் அப்படியே. யாருடைய அடிமை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். சுருக்கியே ஆகவேண்டுமானால் ஹமீது என்று அழைக்கலாம், அது முழுச்சொல்.

எழுத்துப் பிழையால் வந்த வினை

என் வாப்பா மௌத்தானபோது அவர்கள் பெயரிலிருந்த கடை நிலத்தின் கிராண்டை எங்கள் பெயருக்கு மாற்ற முயன்றோம். அடையாளக் கார்டில் 'சாகுல் அமீது'. கிராண்டில் 'ஷாஹுல் ஹமீட்'. என் பிறப்புப் பத்திரத்தில் வேறொரு விதம். "இவர்கள் மூன்று பேரா, ஒருவரா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். சத்தியப் பிரமாணம் எழுதி, சாட்சி தேடி, அலைந்து முடிய ஏழு மாதமாயிற்று. குற்றம் யாரையும் சொல்வதற்கில்லை. அந்தக் காலத்தில் நம்மவர் வாயால் சொன்னதை எழுதுபவர் காதால் கேட்டு எழுதினார். நம் நாக்கில் ஷா சாவாகும். ஹா மறைந்தே போகும்.

ரோமன் எழுத்தில் இன்னொரு சங்கடம். ஹமீது என்பதும் ஹாமிது என்பதும் அங்கே ஒன்றாகவே எழுதப்பட்டுவிடுகின்றன. முன்னது புகழப்பட்டவர், பின்னது புகழ்பவர். அந்த ஹாமிதைப் பெரிய ஹாவை விட்டுச் சின்ன ஹாவால் எழுதினாலோ, பட்டுப்போனது என்று பொருளாகிவிடும்; சூரா ஹஜ்ஜில் வறண்ட பூமிக்கு இச்சொல் வருகிறது. ஆகவே எழுத்து முக்கியம்.

நம் ஜொகூரில் பிள்ளைகள் செக்கோலா அகாமாவில் ஜாவி எழுத்துப் படிக்கிறார்கள். இன்றிரவே உங்கள் பிள்ளையை அழைத்து, பாட்டனார் பெயரை ஜாவியில் எழுதச் சொல்லுங்கள். பெரிய ஹா, மீம், யே, தால் என்று வந்தால் அது ஹமீது. பின்பு வீட்டிலுள்ள கார்டு, கிராண்ட், லைசென்ஸ், பிறப்புப் பத்திரங்களை ஒருசேர எடுத்து வைத்துப் பாருங்கள். பெயர் வேறுபட்டிருந்தால், பெயருக்குரியவர் உயிரோடிருக்கும்போதே பிரமாணம் எழுதித் திருத்திக்கொள்ளுங்கள். மௌத்துக்குப் பின் அவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

எல்லாரும் இப்பெயரையே வைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று ஹதீஸ் இருக்கிறது. ஆனால் அர்த்தம் தெரியாத காரணத்தால் ஒரு பெயரைத் தள்ளிவிட்டு, அர்த்தம் தெரியாத இன்னொரு பெயரைப் பிடித்துக்கொள்வது வியாபாரிக்கு அழகன்று. சரக்கைப் பிரித்துப் பார்த்தே வாங்குகிறோம். பெயரையும் அப்படியே பார்ப்போம்.

அந்தப் பிள்ளை ஏழாம் நாள் பாட்டனார் பெயரையே வைத்தார். பதிவு செய்யப் போகுமுன், பாட்டனாரின் பழைய கார்டையும் தாம் எழுதிய தாளையும் கொண்டுவந்து, "நானா, எழுத்தைப் பாருங்கள்" என்று கல்லாவின் மேல் வைத்தார். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொடுத்தேன். என் வாப்பாவுக்கு நான் அன்று செய்யத் தவறியதை அந்தக் குழந்தைக்குச் செய்தேன் என்ற திருப்தி.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பெயருக்கேற்ற ஸாலிஹீன்களாக ஆக்கியருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.