துணைச் சீட்டு வராத வேளை

‘மேஜிக்: தி கேதரிங்’ ஆட்டத்தில் ஒரு காம்போ சீட்டைக் கட்டில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறவர், ஜோடியோடு கூடி அது நிகழ்த்தும் அற்புதத்தை மனத்தில் நிறுத்தியே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறார், ஆனால் ஜோடி வராத வேளையில் அதனால் என்ன பிரயோஜனம் என்பதே முதலில் விசாரிக்க வேண்டிய விஷயம் என்பது என் அபிப்பிராயம். 1999-இல் வெளியான ‘டொனேட்’ இதற்கு நல்ல உதாரணம். நிலச் சீட்டுகள் தரும் மானாவில் மூன்றைச் செலவிட்டு, களத்தில் நம் வசமுள்ள சீட்டு ஒன்றை இன்னொருவர் வசமாக்குவது அதன் காரியம். 1995-ஆம் ஆண்டுச் சீட்டான ‘இல்லூஷன்ஸ் ஆஃப் கிராண்ஜர்’ களத்தில் இறங்கும்போது 20 உயிர்ப்புள்ளி தரும். நீங்கும்போது, அப்போது யார் வசம் இருக்கிறதோ அவரிடமிருந்து 20 புள்ளியைப் பறிக்கும். லாபத்தை நாம் வைத்துக்கொண்டு நஷ்டத்தை எதிராளியின் தலையில் கட்டுவதே ‘டிரிக்ஸ்’ என்று பெயர் பெற்ற கட்டின் தந்திரம்.

முதலில் இரண்டையும் தனித்தனியே நிறுத்திப் பாருங்கள். இல்லூஷன்ஸ் தனித்து வந்தாலும் ஆயுளை நீட்டிக்கும். ஓர் உயிர்ப்புள்ளிக்கு ஒரு சீட்டு வீதம் தரும் ‘நெக்ரோபொட்டன்ஸ்’ களத்தில் இருந்தாலோ, அந்த 20 புள்ளியும் 20 சீட்டுக்குச் சமானம். டொனேட்டுக்கு அப்படி ஒரு கதி இல்லை; நம் நிலத்தை எதிரிக்குத் தானம் செய்து யார் வாழ்ந்தார்கள்? ஆயினும் அது நீலச் சீட்டாகையால், ‘ஃபோர்ஸ் ஆஃப் வில்’லை மானா இன்றிப் பிரயோகிக்கக் கையிலிருந்து நீக்க வேண்டிய நீலச் சீட்டாகப் பயன்படும். இவ்வாறான இரண்டாவது உபயோகம் ஒன்றேனும் இல்லாத சீட்டைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. 60 சீட்டுக் கட்டில் ஒரு சீட்டுக்கு நான்கு பிரதிகள் இருந்தால், முதலில் ஆடுகிறவர் நான்காம் சுற்றுக்குள் காணும் 10 சீட்டுகளில் அது வந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 53. நான்கு பிரதி கொண்ட ஜோடியும் கூட வந்திருக்கும் வாய்ப்போ நூற்றுக்கு 27-ஐ எட்டாது. ஆகவே, தேடி எடுக்கும் சீட்டுகளும் ஏராளமாக இழுக்கும் சீட்டுகளும் கட்டில் உண்டா என்று எண்ணிப் பார்க்காமல் காம்போவை நம்பலாகாது. டிரிக்ஸுக்கு நெக்ரோபொட்டன்ஸ் அந்த ஸ்தானத்தில் இருந்தது. எக்ஸ்டெண்டட் போட்டிமுறையில் 2001-இல் அது தடை செய்யப்பட்டதில் ஆச்சரியமில்லை.

பிறகு மானாவையும் காலத்தையும் பொருத்திப் பாருங்கள். நான்காம் சுற்றில் நான்கு மானாவுக்கு இல்லூஷன்ஸ். அதைக் களத்தில் காப்பாற்ற, வைத்திருப்பவர் தம் சுற்றுதோறும் தொடக்கத்தில் இரண்டிரண்டாக ஏறும் செலவைக் கட்ட வேண்டும்; ஐந்தாம் சுற்றின் தொடக்கத்தில் அது இரண்டு. அந்தச் சுற்றில் புது நிலமும் வந்தால், மிஞ்சும் மூன்று டொனேட்டுக்குச் சரியாக இருக்கும். ஒரு நிலம் தவறினால் திட்டம் தள்ளிப்போகும், அடுத்த முறை காப்புச் செலவும் நான்காகிவிடும். கைமாறிய பிறகு அந்தப் பாரம் எதிராளியுடையது: அவர் முதலில் நான்கு, பின்பு ஆறு என்று கட்டிக் கொஞ்சம் தாமதிக்கலாம்.

எதிராளியின் குறுக்கீட்டையும் மறக்கக் கூடாது. 20 புள்ளி நமக்குச் சேருமுன்பே இல்லூஷன்ஸை அவர் அழித்துவிட்டால், இழப்பு முந்திக்கொள்ளும். 20 அல்லது அதற்குக் குறைவான புள்ளியோடு இருப்பவர் அங்கேயே தோற்பார்.

கடைசியாகப் பயிற்சி ஆட்டங்களில், டொனேட் கைக்கு வரும்போதெல்லாம், அதற்குப் பதில் வேறொரு சாதாரணச் சீட்டு வந்திருக்கக்கூடாதா என்று தோன்றியதா என்பதை உடனே குறித்து வையுங்கள். ஜெயித்த ஆட்டங்களையும் விடாதீர்கள். அந்தக் குறிப்புகள் அதிகமானால், சீட்டைக் கட்டிலிருந்து விலக்குமுன் நான்கு பிரதியை மூன்றாக்கி, காலியான இடத்தில் தேடும் சீட்டு ஒன்றை வைத்து மறுபடி ஆடிப் பார்க்கலாம்.